கூடிருச்சு

டாக்டர் கணினித் திரையில் எக்ஸ்ரேயைத் திறந்து, பேனா முனையால் ஓரிடத்தைத் தொட்டுக் காட்டினார். போன மாதம் பார்த்தபோது அங்கே ஒரு கறுப்புக் கோடு குறுக்கே ஓடியது. இப்போது அந்தக் கோட்டைச் சுற்றி இலவம்பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. "நல்லா கூடிருச்சும்மா" என்றார். மகள் கையெடுத்துக் கும்பிட்டாள். எட்டு வயதுப் பேத்திக்கு மாவுக்கட்டை அறுக்கப்போகும் மெஷினின் சத்தம்தான் கவலை. எனக்கு அந்தச் சொல் காதைவிட்டுப் போகவில்லை. இதே சொல்லை, இதேபோல ஓர் இடது கைக்காக, இன்னொருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கும் பேத்தியின் வயதுதான். அவர் டாக்டர் அல்லர். என்னிடமும் சொல்லவில்லை.

அம்மா வேலைக்குப் போனதால் நான் வளர்ந்ததெல்லாம் பவானிக்குப் பக்கத்தில், அம்மாவைப் பெற்ற அம்மிச்சி வீட்டில். அங்கே இந்தச் சொல் வாசலில் தொடங்கும். விடிந்ததும் அம்மிச்சி சீமாற்றைக் கையில் கொடுத்து "வாசக் கூட்டு அம்மணி" என்பாள். பள்ளிக்கூடத்துக்குப் போனால் வாத்தியார் பலகையில் இரண்டு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி "கூட்டு" என்பார். வீட்டில் குப்பையைக் கூட்டினேன், பள்ளியில் எண்ணைக் கூட்டினேன். சென்னைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன பெரியம்மா ஊருக்கு வந்தபோது "வீட்டைப் பெருக்கு" என்றாள். அதுவும் கணக்குத்தான்! குப்பையை வெளியே தள்ளும் வேலைக்குக் கழித்தல் என்று பெயர் வைக்காமல், கூட்டல் பெருக்கல் என்று வைத்திருக்கிறார்களே என்று அந்த வயதிலேயே வியந்திருக்கிறேன். சிதறிக் கிடப்பதை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் கூட்டுவது. தள்ளுவது அதற்குப் பிறகு. விளக்கு வைத்தபின் அந்த வேலையும் நின்றுவிடும். பொழுது சாய்ந்து சீமாற்றைத் தொட்டால் "வெளக்கு வெச்சப்புறம் கூட்டக் கூடாது" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். ஒரே சொல் இரண்டு முறை வந்து, ஒன்றை இன்னொன்று தடுக்கிறதே என்பது வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

நோம்பி நாட்களில் அம்மிச்சி என்னைக் கூடுதுறைக்குக் கூட்டிப்போவாள். கூட்டிப்போவது, அதிலும் பாருங்கள். சங்கமேசுவரர் கோயிலுக்குப் பின்னால் படித்துறை. மேட்டூரிலிருந்து வரும் காவேரியும், நீலகிரியில் பிறந்து கேரளத்துக்குள் போய், அட்டப்பாடியைச் சுற்றிக்கொண்டு திரும்பிவந்து, பவானிசாகரில் மோயாற்றையும் சேர்த்துக்கொண்டு வரும் பவானியும் அங்கேதான் கூடுகின்றன. மூன்றாவதாக அமுத நதி. அது கண்ணுக்குத் தெரியாது. நான் படியில் உட்கார்ந்து மூன்றாவது ஆற்றைத் தேடுவேன். "எங்க அம்மிச்சி அது?" என்றால், ஈரச் சேலையைப் பிழிந்தபடியே, "அடியில வருது கண்ணு. கூடறதெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?" என்பாள்.

ஆடியில் மலையில் மழை பிடித்திருந்தால் பவானி செம்மண் கரைத்த நிறத்தில் வரும். காவேரி வேறு நிறம். இரண்டும் சந்தித்த உடனே ஒன்றாகிவிடுவதில்லை. கொஞ்ச தூரத்துக்கு, பங்கு பிரித்துக்கொண்ட பங்காளிகள் ஒரே பாதையில் நடப்பதுபோல, நடுவில் ஒரு கோடு போட்டுக்கொண்டு தனித்தனியாக ஓடும். பிறகு அந்தக் கோடு நெளியும். இன்னும் கொஞ்ச தூரத்தில் எது எந்த ஆறு என்று சொல்ல முடியாது. அந்தக் கோடு எங்கே மறைகிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு முறையும் முயன்றிருக்கிறேன். ஒரு முறையும் முடிந்ததில்லை.

கலப்பது வேறு, கூடுவது வேறு என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. பாலில் டிகாக்‌ஷனை விட்டால் கலந்துவிடும். அப்புறம் பாலைத் தனியே எடுக்க முடியாது. கூடுவதில் அவரவர் அவரவராகவே இருக்கலாம். கூட்டம் கூடும், கலையும். உறவு கூடும், பந்தி முடிந்ததும் ஊர் திரும்பும். ஆனால் ஆற்றிடம் என் எண்ணம் செல்லாது. கூடுதுறைக்கு அப்பால் பவானி என்று ஓர் ஆறு இல்லை, காவேரிதான். பெயரையே விட்டுக்கொடுத்துவிட்டுக் கூடுகிறது அது. தமிழ் இந்த இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. அதை நான் குறையாக நினைக்கவில்லை. எது எந்த அளவுக்குக் கூடும் என்பது கூடுகிறவர்களைப் பொறுத்தது.

உயர்நிலைப் பள்ளியில் எங்கள் தமிழய்யா தன்வினை, பிறவினை நடத்தியபோது ஓடு, ஓட்டு; ஆடு, ஆட்டு என்று சொல்லிக்கொண்டே வந்து கூடு, கூட்டு என்பதில் நின்றார். பவானியும் காவேரியும் தாமே கூடின, அது தன்வினை. 13ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் பவானி ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி, வாய்க்கால் வெட்டி, நொய்யல் வரைக்கும் தண்ணீரைக் கொண்டுபோனாரே, அது கூட்டியது, பிறவினை. வாய்க்கால் பாசனத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைவிட எப்படிச் சொல்லிக்கொடுக்க முடியும்! ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் கூடல் இழைக்கும் பதிகம் இருப்பதையும் அவர்தான் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு மணலில் வட்டம் வரைய வேண்டும். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து கூடினால் நினைத்தவன் வருவான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நாங்கள் நாலைந்து பெண்கள் ஆற்று மணலில் வரைந்து பார்த்தோம். எங்களுக்கு வரவேண்டிய ஆள் யாரும் இல்லை, பரீட்சைதான் தேற வேண்டியிருந்தது. என் கோடு ஒரு விரற்கடை தள்ளி முடிந்தது. தோழி ஒருத்தி யாரும் பார்க்காமல் காலால் மணலைத் தள்ளி அதைக் கூட்டிவிட்டாள். அந்த விரற்கடை மணலை இன்றும் நினைத்துக்கொள்வேன்.

எல்லாம் இப்படி இனிக்கும் நினைவுகளாகவே இல்லை. கோடை விடுமுறையில் நாங்கள் கூட்டாஞ்சோறு ஆக்குவோம். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, ஒருத்தி பருப்பு, ஒருத்தி கத்தரிக்காய், ஒருத்தி உப்பு. களத்து மூலையில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு. ஒரு நாள் எங்கள் காட்டில் வேலை செய்தவருடைய மகளும் வந்தாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். பாவாடை மடியில் ஒரு பிடி அரிசி கொண்டுவந்திருந்தாள். நான்தான் வாங்கிப் பானையில் போட்டேன். சோறு கொதித்துக்கொண்டிருந்தபோது அம்மிச்சி அந்தப் பக்கமாக வந்தாள். யார் யார் என்று கேட்டாள், சொன்னோம். "அதெல்லாம் கூடாது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வருது, துணியை எடு என்று சொல்வதுபோல் சொன்னாள். வெந்துகொண்டிருந்த அரிசியில் எது அவளுடையது, எது எங்களுடையது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. அதனால் பானையோடு கவிழ்த்தாள். அந்தப் பெண் அழவில்லை. மடியை உதறிவிட்டு நடந்துபோனாள்.

கூடாது என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் சேராது, இணையாது என்பதுதான் பொருள். அதுவே செய்யத்தகாது என்றும் ஆகிவிட்டது. நடக்காது என்று சொல்லும் ஒரு சொல் எப்படி நடக்கவிடமாட்டேன் என்று சொல்லத் தொடங்கியது? அன்றைக்கு அந்தப் பானைக்குள் கூடியிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகும் கூடாது என்றார்கள். அம்மிச்சியை நான் நேசித்த அளவுக்கு வேறு யாரையும் நேசித்ததில்லை. அந்த ஒரு பானையை மட்டும் அவளுக்காக என்னால் நியாயப்படுத்த முடியவில்லை, முயலவும் மாட்டேன். திருக்குறளில் 28ஆம் அதிகாரம் கூடாவொழுக்கம், 83ஆம் அதிகாரம் கூடாநட்பு. உள்ளும் புறமும் கூடாத வாழ்வு, மனம் கூடாத நட்பு. வள்ளுவர் கூடாது என்று எதைச் சொன்னார், நாங்கள் எதைச் சொன்னோம்!

என் கை ஒடிந்தது அதற்கு அடுத்த ஆடியில்.

அம்மாவின் அப்பா, அப்புச்சிக்கு ஒரு தம்பி. எனக்குச் சின்ன அப்புச்சி. கூடப்பொறந்தவர்கள் இருவரே. நான் பிறக்கும் முன்பே பாகம் பிரிந்தாயிற்று. வரப்புத் தகராறு என்பார்கள், வேறென்னவோ என்பார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர்கள் பேசிக்கொள்வதில்லை என்பதுதான். வீடு பிரிந்தது, காடு பிரிந்தது, மாடு பிரிந்தது. கிணற்றைப் பிரிக்க முடியவில்லை. பத்திரத்திலேயே கூட்டுக் கிணறு என்று எழுதியிருந்தது. ஆளுக்கு ஒரு நாள் முறை. எங்கள் முறை முடிந்ததும் அப்புச்சி மடைவாயில் நின்றபடி என்னைப் பார்ப்பார். நான் வரப்பில் ஓடிப்போய், சின்ன அப்புச்சி வீட்டு வாசலில் நின்று, "முறை முடிஞ்சுதாமுங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். அத்தனை வருடத்தில் தண்ணீருக்காக ஒரு வார்த்தை தடித்ததில்லை. வறண்ட வருடங்களில் பாதி நாள்கூட ஊறாதபோதும் முறை மாறவில்லை.

ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் மரத்துக்கு மரம் ஊஞ்சல் கட்டுவார்கள், தூரி என்போம். கிணற்றுமேட்டுப் புளியமரம் இரண்டு வீட்டுக்கும் பொது, தூரியும் பொது. பதினெட்டு நோம்பியன்று, பெரியவர்கள் எல்லாம் ஆற்றுக்குப் போயிருந்த நேரம், நின்றபடியே தூரியை உந்திக்கொண்டிருந்தேன். கயிறு வழுக்கியதோ கால் வழுக்கியதோ தெரியவில்லை. கீழே கிடந்தபோது இடது முன்கை நடுவில் வாழைமட்டைபோல மடிந்திருந்தது. வலி உடனே வரவில்லை. அதைப் பார்த்த பயம்தான் முதலில் வந்தது.

தூக்கியவர் சின்ன அப்புச்சி. எங்கிருந்து வந்தாரென்று தெரியாது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார். சைக்கிள் பாரில் உட்காரவைத்து, ஒரு கையால் என்னை அணைத்துக்கொண்டு, ஒரு கையால் ஓட்டினார். வழியெல்லாம் "ஒண்ணுமில்ல சாமி, ஒண்ணுமில்ல சாமி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் என்னிடம் அதுவரை பேசிய மொத்தப் பேச்சும் அதில் பாதி இருக்காது.

கட்டுக் கட்டுபவர் இரண்டு ஊர் தள்ளி இருந்தார். திண்ணையில் உட்காரவைத்து, விரலால் என் கையை மேலிருந்து கீழாகத் தடவிக்கொண்டே, "என்ன படிக்கற அம்மணி?" என்றார். "மூணாவதுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன். மூணா என்று வந்தது, அதற்குள் இழுத்துவிட்டார். மிச்சம் அலறலாகத்தான் வந்தது. அதற்குள் கை நேராகியிருந்தது. உளுந்து மாவை முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துத் துணியில் தடவிச் சுற்றினார். அதன்மேல் சீவி வழவழப்பாக்கிய மூங்கில் பத்தைகளைச் சுற்றிலும் வைத்துக் கயிற்றால் கட்டினார். அந்த மூங்கிலின் பச்சை வாசனையும் உளுந்து மாவின் வாசனையும் சேர்ந்து வந்ததை இன்றைக்கும் மூக்கு மறக்கவில்லை. கூலி கேட்டதற்கு, கொடுத்ததை வாங்கிக்கொண்டார். புறப்படும்போது சின்ன அப்புச்சி, "கூடிருமுங்களா?" என்று கேட்டார். அவர், "கட்டறது மட்டுந்தானுங்க நம்ம வேல. ஆடாம அசையாம வெச்சுட்டா, கூடறது அதோட வேல" என்றார்.

இன்று பேத்தியின் டாக்டர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். ஒடிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. பிறகு குருத்தெலும்பாக இளசாய் ஒரு பாலம் கட்டப்படுகிறது, அது மெல்ல எலும்பாக இறுகுகிறது. குழந்தைகளுக்கு முன்கை என்றால் பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு வாரம். மாவுக்கட்டு எதையும் ஒட்டவைப்பதில்லை, அசையாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. அந்தத் திண்ணையில் எக்ஸ்ரே இல்லை என்பது பெரிய குறைதான். அப்படிக் கட்டிக் கோணலாகிப்போன கைகளை, விரல் மரத்துப்போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். பேத்தியை அங்கே கூட்டிப்போயிருக்க மாட்டேன். ஆனால் எலும்பு தானாகத்தான் கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்தபோது சின்ன அப்புச்சி கடவோடு நின்றுவிட்டார். அம்மிச்சி ஓடிவந்து என்னை வாங்கிக்கொண்டு, "உள்ள வாங்க, மோர் குடிச்சுட்டுப் போலாம்" என்றாள். "இருக்கட்டுங்க நங்கையா" என்று சைக்கிளைத் திருப்பினார். அப்புச்சி திண்ணையில் இருந்தார். எழுந்திருக்கவில்லை. துண்டு என் கழுத்திலேயே கிடந்தது.

எட்டு நாளுக்கு ஒரு முறை கட்டுப் பிரித்துப் புதுக் கட்டுப் போட வேண்டும். அந்தந்த நாளில் விடிகாலையில் கடவில் சைக்கிள் மணி அடிக்கும். அப்புச்சி வீட்டிலும் சைக்கிள் இருந்தது, கூட்டிப்போக ஆளும் இருந்தது. ஆனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது முறை அம்மிச்சி மோர்ச் சொம்பைக் கடவுக்கே கொண்டுபோய்க் கொடுத்தாள். மூன்றாவது முறை அவர் வாசல் வரைக்கும் வந்து வாங்கிக் குடித்தார். எனக்குத் தினமும் பிரண்டைத் துவையல். நாக்கு அரித்தாலும் "எலும்பு கூட வேண்டாமா?" என்று ஊட்டிவிடுவாள்.

கடைசிக் கட்டைப் பிரித்துவிட்டு வந்த அன்று வெயில் ஏறியிருந்தது. சின்ன அப்புச்சி என்னை இறக்கிவிட்டு, வாசலில் நின்றார். அப்புச்சி கயிற்றுக் கட்டிலில் வேறு பக்கம் பார்த்துப் படுத்திருந்தார். சின்ன அப்புச்சி என்னைப் பார்க்கவில்லை, அம்மிச்சியையும் பார்க்கவில்லை. வேப்பமரத்தைப் பார்த்துச் சொல்வதுபோல, "கூடிருச்சு" என்றார்.

கட்டிலிலிருந்து, "சரி" என்று வந்தது.

அவ்வளவுதான். அதற்குப் பிறகும் அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசிச் சிரித்து நான் பார்த்ததில்லை. முறை முடிந்த செய்தியை நான்தான் கொண்டுபோனேன். ஆனால் அடுத்த வருடம் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம் கூடிவந்தபோது, முகூர்த்தக்கால் நடும் அன்று சின்ன அப்புச்சி வீட்டிலிருந்து இரண்டு பவானி ஜமக்காளங்கள் வந்தன. சிவப்பும் பச்சையும் கறுப்பும் பட்டை பட்டையாக, ஒவ்வொன்றிலும் பதினைந்து பேர் உட்காரலாம். அப்புச்சி அவற்றைத் தம் கையாலேயே உதறி விரித்தார். அந்தக் காலத்தில் ஜமக்காளம் விரித்தால்தான் கூட்டம். முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, வெற்றிலைத் தட்டம் கை மாறும். பேசாதவர்கள்கூடத் தட்டத்தை வாங்கிக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். போன தை மாதம் உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். வெள்ளைத் துணி போர்த்திய நாற்காலிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் அரை அடி இடைவெளி. நாற்காலியில் உட்கார்ந்தால் என் மூட்டுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்தவர் யார் என்று கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன். ஜமக்காளத்தில் அது முடியாது.

அப்புச்சியின் சாம்பலைக் கூடுதுறையில் கரைத்தபோது, நீரில் இறங்கி நின்றவர்களில் சின்ன அப்புச்சியும் இருந்தார். சில வருடங்களில் அவரும் அதே துறைக்கு வந்து சேர்ந்தார். கிணறு இப்போது தூர்ந்து, சுற்றிலும் வேலமரம். வருவாய்த்துறைக் கணக்கில் மட்டும் இன்னும் கூட்டுப் பட்டாவாக இருக்கிறது. வாரிசுகள் பதினேழு பேர், மூன்று நாடுகளில். ஒரு கையெழுத்துக்காக எல்லாரையும் கூட்ட முடியவில்லை என்று மாமா மகன் சலித்துக்கொள்கிறான். எனக்கு அது அப்படியே இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. அவனிடம் சொல்லவில்லை.

மாவுக்கட்டை அறுத்தபோது பேத்தி கண்ணை மூடிக்கொண்டு என் விரல்களை நெரித்தாள். உள்ளேயிருந்து வந்த கை மெலிந்து, தோல் செதில் செதிலாக, வேறு யாருடையதோபோல இருந்தது. வீட்டுக்கு வந்து நல்லெண்ணெய் தொட்டுத் தடவிவிட்டேன். அப்போதுதான் என் முன்கையில் இருக்கும் மேட்டைப் பார்த்துவிட்டு விரல் வைத்தாள்.

"இது என்ன அம்மிச்சி?"

"கூடுன எடம்."

தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்கு எங்கே?"

இருக்கும், வளர வளர மறைந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குக் கொஞ்சம் கோணலாகக் கூடியதால் நின்றுவிட்டது. அவள் எண்ணெய்க் கையின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டே கீழிறங்கினாள், கண்ணை மூடிக்கொண்டு.

"இன்னும் கொஞ்சம் மேல" என்றேன்.